வளர்மதியின் ரத்தத்தில் நான் பார்த்தது

அப்பு, நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்றுக் காலையில் போனில் உன் குரல் அவ்வளவு தெம்பாக இருந்தது. "அம்மா, தேனில ஒரு பொண்ணு சொல்லிருக்காங்க. சனிக்கிழம ஊருக்கு வர்றேன், ஞாயித்துக்கிழம பாக்கப் போறோம். இந்தத் தடவ ரத்தத்த மொதல்லயே எடுத்துப் பாத்துரும்மா. உன் லேப்லயே, வெளிய யாருக்கும் தெரிய வேணாம்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் பேசினால் என் வாயில் என்ன வருமோ என்று பயந்து வைத்தேன். அதோடு, பேசினால் கால் மணி நேரத்தில் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அந்த வித்தை உனக்கு நடை பழகும் முன்னாலேயே வந்துவிட்டது. கடிதத்திடம் அது செல்லாது. அதனால் எழுதுகிறேன்.

இது உனக்கு மட்டும் வரும் கடிதமும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வளர்மதியின் ரத்தப் பரிசோதனைத் தாளை நம் சொந்தக்காரர்களின் வாட்சப் குரூப்பில் போட்டாயே, அதே குரூப்பில் இதையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போடப் போகிறேன். அவள் பெயர், அவள் வயது, அவள் அப்பா பெயர் எல்லாம் பளிச்சென்று தெரியும்படி நீ போட்டாய். நான் உன் பெயரைக்கூட எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். உன் பெரியப்பா படிக்கட்டும், சிங்கப்பூரில் இருக்கும் உன் மாமா படிக்கட்டும். கோபம் வந்தால் வரட்டும். எனக்கு மூன்று வாரமாக இருக்கிறது.

குரூப்பில் பாதிப் பேர் வளர்மதியைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவள் ரத்தத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். அவர்களுக்காக அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராசிங்காபுரத்துப் பெண். அவள் அப்பா போடியிலிருந்து போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டுகிறார். அம்மா மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவர். வளர்மதி டிகிரி முடித்துவிட்டுப் போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் சூப்பர்வைசராக இருந்தாள். காயைச் சலித்து, பெரிசு சிறிசு பிரித்து, வெடித்ததையும் நிறம் போனதையும் பொறுக்கி எடுக்கும் பெண்களுக்கு இவள்தான் மேலாள். இவளை யாரும் நம் வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டவில்லை. உன் சிநேகிதன் கல்யாணத்தில் நீயாகப் பார்த்தாய். நீயாக வந்து, "கட்டுனா இந்தப் பொண்ணத்தான்" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். இருபத்தொன்பது வயசில் சாப்பிடாமல் அடம் பிடித்த பிள்ளையை நம் பக்கத்தில் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நம் ஊரில் சில வருடமாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஜாதகம் பொருந்தியதும், பூ வைப்பதற்கு முன்னால், பெண்ணைக் கூட்டிப் போய் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. மாப்பிள்ளைக்கு எடுப்பதில்லை. மாப்பிள்ளை ரத்தம் எப்போதும் நல்ல ரத்தம்தானே. காசு கட்டுவது மாப்பிள்ளை வீடு என்பதால் கவரும் மாப்பிள்ளை வீட்டார் கைக்குத்தான் போகும். நான் இந்த லேபில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். அப்படி எத்தனை கவர்களை எத்தனை மாமியார்கள் கையில் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெண் பெஞ்சில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய தாள் அவளைத் தாண்டிப் போகும். இது என்ன நியாயம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நம் சோலியைப் பார்ப்போம் என்று இருந்தேன். உன்னைத் திட்ட உட்கார்ந்தவள் முதலில் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அந்தத் திங்கட்கிழமை வளர்மதியை அவள் அம்மா கூட்டி வந்தார். கையை நீட்டும்போதே அவளுக்கு வரிசையாக நாலு தும்மல். "சளி பிடிச்சிருக்கா ஆத்தா?" என்று கேட்டேன். "இல்லத்த, ஸ்டோர்ல காய் சலிக்கிற தூசி. மூணு வருஷமா இப்படித்தான். காலைல எந்திரிச்சா பத்துத் தும்மலு போட்டாத்தான் பொழுதே விடியும்" என்று சிரித்தாள். ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தேன். வந்த தாளில் இரண்டு வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரத்தோடு இருந்தன. மொத்த வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதல். அதில் ஈசினோபில் என்ற வகை நூற்றுக்குப் பதினைந்து. நட்சத்திரம் விழுந்தால் ஸ்லைடு போட்டுக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாள் வெளியே போக வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அன்றைக்கு நீ ஆறு தடவை போன் செய்தாய். "ரிப்போர்ட் வந்துருச்சா, வெரசா அனுப்பும்மா" என்று அரித்தாய். மகன்தானே என்று படம் பிடித்து அனுப்பினேன். அவள் தாள் அது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குரூப்பில் அந்தப் படம் வந்தது. கீழே நீ எழுதியிருந்தாய்: "பொண்ணுக்கு ரத்தத்துல பிரச்சன. வெள்ளணு ஏறிருக்கு, கேன்சர் மாதிரி காட்டுது. நல்ல வேள முன்னாடியே தெரிஞ்சது. பூ வைக்கிறத நிறுத்திரலாம்." வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. சாமி காப்பாற்றியது என்றார் உன் பெரியப்பா. ரத்தம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி உன்னைப் பெற்று வளர்த்திருக்கிறாள். போனில் நாலு வரி தேடிப் படித்த உனக்கு, அவளிடம் கேட்போம் என்று தோன்றவில்லை. போட்டு முடித்துவிட்டு அப்புறம் கூப்பிட்டாய், "குரூப்பப் பாத்தியாம்மா?" என்று. பதிலுக்கு நான் "சரி, வை" என்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை லேபைத் திறந்ததும் முதல் வேலையாக அவளுடைய ஸ்லைடைப் போட்டேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் சாய்த்து ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். முடிகிற இடத்தில் நாக்கு நுனிபோல மெலிந்து போக வேண்டும். காய்ந்ததும் சாயம் ஊற்றி, தண்ணீர் விட்டு, கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மைக்ராஸ்கோப் லென்சை இறக்கினேன். சின்ன வயசில் நீ அந்த ஸ்டூலில் ஏறி நின்று பார்த்துவிட்டு, கலர் கலராக இருக்கிறது என்று சொல்லி இறங்கி ஓடியவன். அன்றைக்குப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. இப்போதாவது உட்கார்ந்து கேள். கேன்சர் என்று எழுதினாயே, அந்த ரத்தத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லென்சில் கண் வைத்ததும் பார்க்கிற இடமெல்லாம் நிறைந்திருப்பது சிவப்பணு. வட்டமாக இருக்கும், நடுவில் வெளுத்திருக்கும். வடை தட்டும்போது ஓட்டை போடாமல் விரலால் அமுக்கி மட்டும் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இதற்கு உட்கரு கிடையாது. உள்ளே நிறைய ஹீமோகுளோபின்தான். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உச்சி முதல் கால் விரல் வரை கொண்டு போய் இறக்கும். நாலு மாதம்போல ஓடிக் களைத்ததும் மண்ணீரலில் அதன் கதை முடியும், எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியது வரும். மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு இது பல சமயம் சிறுத்துப் போய், நடு வெளுப்பு பெரிதாகத் தெரியும். இரும்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். வளர்மதிக்கு அதுகூட இல்லை. என்னுடையதைவிட அவளுடைய ரத்தம் நல்ல ரத்தம்.

அந்தச் சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதாப் பொடி தூவியதுபோலக் கிடப்பது தட்டணு. முழு அணுகூட இல்லை, மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய அணுவிலிருந்து பிய்ந்து வந்த துண்டு. ரத்தக் குழாயில் எங்கே கிழிசல் என்றாலும் முதலில் போய் ஒட்டி அடைப்பது இதுதான். நீ காலேஜில் இரண்டாம் வருடம் டெங்குவில் கிடந்தாயே, அப்போது இதுதான் சரசரவென்று இறங்கியது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. காலையும் மாலையும் உன் ரத்தத்தை நானே எண்ணினேன். இந்தத் தட்டணு என்னையும் ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சிவப்பணுவின் மேல் தட்டணு ஒன்று ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மலேரியாக் கிருமி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் ஒரு நாள் முழுக்க மாத்திரை தின்று வாந்தி எடுத்தார். மறுநாள் காலையில் அதே ஸ்லைடை மறுபடி பார்த்தபோது விஷயம் புரிந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன், எல்லார் முன்னாலும் கத்தினார். அந்த ஆளின் மனைவி என்னை நல்லாக் கேட்டார். கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

வெள்ளணு என்பது ஒரே சாதிச் சரக்கு இல்லை. ஐந்து வகை உண்டு, ஐந்தும் நல்லவைதான், எல்லார் உடம்பிலும் இருப்பவைதான். அதிகம் இருப்பது நியூட்ரோஃபில். உட்கரு மூன்று நாலு துண்டாக, நடுவில் மெல்லிய நூலால் கோத்ததுபோல இருக்கும். சிலமலைத் தோட்டத்தில் சோளத்தட்டை குத்தி உன் பாதம் சீழ் வைத்ததே, நினைவிருக்கிறதா? பாக்டீரியா நுழைந்ததும் முதலில் ஓடிப் போய் அதை விழுங்கிச் செத்தவை இவைதான். நீ அருவருத்த சீழில் பாதி உனக்காகச் செத்த நியூட்ரோஃபில். அடுத்தது லிம்போசைட். அணு முழுவதையும் உருண்டைக் கருப்பு உட்கருவே நிறைத்திருக்கும், ஓரத்தில் மட்டும் நீலக் கோடுபோல ஒரு விளிம்பு. இதற்கு ஞாபகம் உண்டு. உனக்கு ஆறு வயசில் வந்த அம்மை மறுபடி வராமல் இருப்பதற்கு இதுதான் காவல். மோனோசைட் இருப்பதிலேயே பெரிது, உட்கரு முந்திரிக்கொட்டைபோல வளைந்திருக்கும். ரத்தத்திலிருந்து சதைக்குள் இறங்கி, செத்தது சிதைந்தது எல்லாவற்றையும் தின்று சுத்தம் செய்யும். பேசோபில் அபூர்வம், நூறு எண்ணினால் ஒன்று தட்டுப்பட்டால் பெரிது. உள்ளே இருக்கும் உட்கருகூடத் தெரியாதபடி கருநீலப் பொடி மூடியிருக்கும். அரிப்பு, வீக்கம், மூக்கொழுகல் இவற்றில் இதற்குக் கை உண்டு.

ஐந்தாவது, நீ கேன்சர் என்று பட்டம் கட்டிய ஈசினோபில். உட்கரு இரண்டாகப் பிரிந்து மூக்குக் கண்ணாடிபோல இருக்கும், சுற்றிலும் ஆரஞ்சுச் சிவப்பில் பருக்கைகள். பார்க்க ஐந்திலும் இதுதான் அழகு. வயிற்றுப் பூச்சியோடு சண்டை போடுவது இது. தூசி, ஒவ்வாமை, இரைப்பு என்றாலும் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாருக்கும் நூற்றில் இரண்டு மூன்று இருக்கும். மலையில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்கும், ஏலக்காய் ஸ்டோரில் தூசி தின்கிறவர்களுக்கும் பத்து, பதினைந்து என்று ஏறி நிற்பதை வாரத்துக்கு நாலு பேரிடம் பார்க்கிறேன். உனக்கு ஒன்பது வயசில் எத்தனை இருந்தது தெரியுமா? இருபத்திரண்டு. பரீட்சை லீவுக்கு எஸ்டேட்டில் உன் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் ஒரு மாதம் வெறுங்காலோடு ஆடிவிட்டு வந்தாய். உள்ளங்கால் வழியாகப் பூச்சி ஏறியிருந்தது. ஒரு மாத்திரை கொடுத்தேன், இரண்டு மாதத்தில் சரியானது. உன் ரத்தத்தை யாரும் குரூப்பில் போடவில்லை. உனக்குப் பெண் தர மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

உண்மையான ரத்தப் புற்றுநோயை நான் ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாத முதிராத அணுக்கள் வந்து நிறைந்திருக்கும். பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கியதில்லை. வளர்மதியின் ஸ்லைடில் அப்படி ஒன்றுகூட இல்லை. நூறு எண்ணினேன், மறுபடி ஒரு நூறு எண்ணினேன். எல்லாம் முதிர்ந்த, ஒழுங்கான அணுக்கள். தும்முகிற ஒரு பெண்ணின் ரத்தம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் வளர்மதி தனியாக லேபுக்கு வந்தாள். ஐந்து நாளில் முகம் பாதியாகியிருந்தது. நீ போட்ட படம் குரூப்பை விட்டு வெளியேறி, ராசிங்காபுரத்துக்கும் போய், ஸ்டோருக்கும் போய்விட்டிருந்தது. கூட வேலை செய்கிற பெண்கள் அவள் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்களாம். ரத்தத்தில் நோய் என்றால் தம்ளரில் ஒட்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ. முதலாளி, "கொஞ்ச நாளு வீட்டுல இரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் அழவில்லை. வந்து நேராகக் கேட்டாள்.

"அத்த, என் ரத்தம் இன்னும் இருக்கா?"

"ஸ்லைடு இருக்கு ஆத்தா."

"அதுல நோயி எங்க இருக்குன்னு காட்டுங்க. என் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

உட்கார வைத்தேன். லென்சைச் சரி செய்து கொடுத்தேன். நீ ஸ்டூலில் நின்றதுபோல இல்லை அவள் பார்த்தது. ஸ்டோரில் காய் பார்க்கிற கண், ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக நகர்த்திக்கொண்டே போனாள். "இந்தச் செவப்பு வட்டமெல்லாம் ஒரே அளவா இருக்கே, அது நல்லதா?" என்றாள். நல்லது என்றேன். துண்டு துண்டாக உட்கரு உள்ளதைக் காட்டி, இது என்ன வேலை செய்யும் என்று கேட்டாள். சொன்னேன். உருண்டையானதைக் கேட்டாள். அதையும் சொன்னேன். நான் ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்தது வரும்போது அவளே பேர் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இது ரெண்டாப் பிளந்து, செவப்புச் செவப்பாப் பொடியா இருக்கே. நெறையா வேற இருக்கு. இதான் கெட்டதா?"

"கெட்டதெல்லாம் இல்ல ஆத்தா. எனக்கும் இருக்கு, எல்லாத்துக்கும் இருக்கு. தூசி, பூச்சின்னா மல்லுக்கு நிக்கிற அணு அது. நீ தும்முறேல்ல, அதான் கூட்டம் கூடிருக்கு. டாக்டர்ட்டக் காட்டு, மூக்கக் கட்டிக்கிட்டு வேல பாரு, தானா எறங்கிரும்."

"அப்ப நான் சாகப் போறதில்லையா?"

கடையில் சாமான் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற குரலில் கேட்டாள். இல்லை என்றேன். அப்போதுதான் சொன்னாள், அவள் அம்மா நாலு நாளாக அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்று. அவள் அப்பா ஜீப் எடுக்காமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று. தன் கம்மலைக் கழற்றித் தங்கச்சி காதில் போட்டுவிட்டாளாம், பின்னால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அதைச் சொல்லும்போதுதான் அவள் கை காதுக்குப் போனது. "உங்க மகன் என்ட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லத்த" என்றாள். நான் ஸ்லைடை எடுத்து டப்பாவில் வைத்தேன்.

அன்றைக்கே குரூப்பில் எழுதினேன், பயப்பட ஒன்றும் இல்லை, தூசி ஒவ்வாமைதான் என்று. ஒருவர் கட்டைவிரல் காட்டினார். மற்றவர்கள் அதற்குள் யாரோ ஒருவரின் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லப் போய்விட்டார்கள். நீ போனில், "சரிம்மா, இருக்கட்டும், ஆனா பேச்சு வந்துருச்சுல்ல. இனி நமக்கெதுக்கு?" என்றாய். அந்தப் பேச்சைக் கிளப்பியதே நீதான். அதையே காரணமாகச் சொல்லி ஒதுங்கவும் செய்தாய். உன் வயிற்றுவலிக்கும் காய்ச்சலுக்கும் நான் விழித்திருந்த நேரமெல்லாம் வீணோ என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக நினைத்தேன். வளர்மதியை ஸ்டோரில் மறுபடி கூப்பிடவில்லை. டிகிரி படித்த பெண் இப்போது அம்மாவோடு ஜீப்பில் ஏறி மேலே காய் எடுக்கப் போகிறாள். எஸ்டேட்டில் வேலையாட்களுக்குக் கட்டிய லைன் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறார்களாம், ஊர் வாய்க்குப் பயந்து.

தேனிப் பெண் வீட்டுக்கு இன்று காலையில் நானே போன் செய்துவிட்டேன். உங்கள் பெண்ணுக்கு ரத்தம் எடுக்க வேண்டாம், எங்கள் பையன் என்ன செய்தான் என்று முதலில் கேளுங்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உனக்காகக் காப்பி போட்டு வைத்திருக்க மாட்டார்கள். கோபித்துக்கொள். நன்றாகக் கோபித்துக்கொள்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். சனிக்கிழமை போகும்போது வளர்மதி என்னிடம் ஒன்று கேட்டாள். "இத நீங்க எப்பத்த பாத்தீங்க?" என்றாள். "இன்னிக்குக் காலைலதான் ஆத்தா" என்றேன். அவள் நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள, நீங்களாச்சும் பாத்தீங்க" என்றாள். நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை என்று மேலே எழுதியிருக்கிறேன், நீயும் கவனித்திருப்பாய். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள் அந்த ஸ்லைடு என் மேசை டப்பாவில் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மாவின் நம்பர் என் நோட்டில் இருந்தது. ஒரு போன், இரண்டு நிமிடம். நான் செய்யவில்லை. ஏன் தெரியுமா? ஜீப் டிரைவர் மகள், காய் எடுக்கிற அம்மா, இந்தச் சம்பந்தத்தில் எனக்கு முதலிலிருந்தே மனசு ஒட்டவில்லை. நீ சாப்பிடாமல் கிடந்ததால்தான் தலையாட்டினேன். நீ குரூப்பில் போட்டதும் என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. நாம் வேண்டாம் என்று சொல்லாமலே தானாக நின்று போகிறது, போகட்டும், கொஞ்ச நாள் கழித்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த நாலு நாளும் ஒரு பெண் தான் சாகப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நீ தெரியாமல் செய்தாய் என்று சொல்லவாவது உனக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு எல்லாம் தெரியும். நீ என்னைவிடச் சின்னக் குற்றவாளி, அப்பு. அதனால்தான் உன் மேல் இவ்வளவு கோபம் வருகிறதோ என்னவோ. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு, லைன் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். நான் போகிறேன். அவர்களைப் பார்க்க அன்றைக்கு மேலே போகும் வளர்மதியின் அப்பாவிடமே ஜீப்பில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும்படி, வளர்மதியின் ரத்தத்தில் ஒரு நோயும் இல்லை என்று முதலில் சொல்வேன். அதற்கப்புறம் வளர்மதியைப் பார்த்து, "செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும் ஆத்தா, நீ எங்க வீட்டுக்கு வர வேணாம்னு நெனச்சுச் சும்மா இருந்துட்டேன்" என்று சொல்வேன். அவள் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கப் போகவில்லை. அதைக் கேட்கும் முகம் நம் இரண்டு பேருக்கும் இல்லை. அவள் என்ன சொன்னாலும், முகத்தில் கதவைச் சாத்தினாலும், என் பங்கை நான் வாங்கிக்கொள்வேன். உன் பங்கைச் சேர்த்து வாங்கிக்கொண்டு வர மாட்டேன். ஜீப் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது.

உன் அம்மா